மரத்துக்கு ஏற்ற வெட்டு: வயல் மரங்களை ஆபத்தின்றிச் சாய்க்கும் முறைகள்

ஒரு தேக்கு மரம் நல்ல விலைக்குப் போகும் பருமனை எட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சாய்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தில் செய்யும் ஒரு தவறு அடிமரத்தைப் பிளந்து, மரத்தின் விலையில் பாதியைக் குறைத்துவிடும். பம்ப் ஷெட்டின் மேலோ பக்கத்து வீட்டுக் கூரையின் மேலோ மரம் விழுந்தால், மரம் விற்ற பணம் நஷ்ட ஈட்டுக்கே போதாது. வெட்டுகிறவர் மேல் விழுந்தாலோ ஈடு செய்யவே முடியாது.

"எல்லா மரமும் ஒரே மாதிரிதானே, கோடரி போட்டால் விழுகிறது" என்று நினைப்பதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். தென்னைக்குச் சரியான முறை வேம்புக்குச் சரிப்படாது. அதே வேம்பு நடு வயலில் நின்றால் ஒரு முறை, கிணற்று மேட்டில் நின்றால் வேறு முறை. மரத்தின் இனம், அது நிற்கும் இடம், காற்று, மண்ணின் ஈரம் ஆகிய நான்கையும் பார்த்தே வெட்டும் முறையை முடிவு செய்ய வேண்டும்.

அனுமதி தேவையா?

கோடரியை எடுக்குமுன் மரம் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்க்கால் கரை, ஏரிக்கரை, வண்டிப்பாதை ஓரம் ஆகிய இடங்களில் உள்ள மரம் புறம்போக்கைச் சேர்ந்ததாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். சந்தன மரம் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறைக்குத் தெரிவிக்காமல் அதைத் தொடக் கூடாது. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. தேக்கு போன்ற விலை மரங்களை வெட்டி ஏற்றிச் செல்வதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்பதையும் முன்னதாகவே விசாரித்துக் கொள்வது நல்லது. இல்லாவிட்டால் வெட்டிய கட்டை களத்திலேயே கிடந்து வெடித்துப் போகும்.

உயரத்தை அளப்பது எப்படி?

மரம் விழுந்தால் அதன் நுனி எதுவரை எட்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். இதற்கு எளிய வழி உண்டு. நேரான குச்சி ஒன்றை எடுத்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிடிக்கு மேலே உள்ள குச்சியின் நீளம், கண்ணிலிருந்து பிடி வரையுள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பிறகு மரத்தைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும். குச்சியின் நுனி மரத்தின் நுனியோடும், பிடி மரத்தின் தூரோடும் பொருந்தும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரமே மரத்தின் உயரம். தரை சமமாக இருந்தால் கணக்கு சரியாக வரும்.

மரத்தைச் சுற்றி இந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்கள், மேயும் ஆடு மாடுகள் ஆகியவற்றை அப்புறப்படுத்திய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எல்லா மரங்களுக்கும் பொதுவான முறை

முதலில் விழ வேண்டிய பக்கத்தில் முன்வெட்டு போட வேண்டும். மட்டமாக ஒரு வெட்டும், மேலிருந்து சரிவாக ஒரு வெட்டும் போட்டு, ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். இந்த வாயின் திறப்பு குறைந்தது 45 பாகை இருக்க வேண்டும். ஆழம், மரத்தின் குறுக்களவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். இரண்டு வெட்டுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தாண்டி உள்ளே போனால் மரம் விழும்போது திசை மாறும்.

அடுத்து, எதிர்ப்பக்கத்தில் பின்வெட்டு. இது முன்வெட்டின் மட்டத்தைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே இருக்க வேண்டும். இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். இந்தப் பிடிப்புதான் கதவுக்குக் கீல் போல மரத்தைத் திசை தவறாமல் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது. விழவில்லையே என்ற அவசரத்தில் பிடிப்பையும் அறுத்துவிட்டால், அதன் பிறகு மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்வெட்டில் ஆப்பு அடித்தோ வடம் கட்டி இழுத்தோதான் சாய்க்க வேண்டும்.

உதாரணமாக, 66 அங்குலச் சுற்றளவுள்ள மரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 21 அங்குலம். முன்வெட்டின் ஆழம் 5 முதல் 7 அங்குலம். பிடிப்பின் கனம் 2 அங்குலம். இந்த அளவுகளைச் சுண்ணாம்புக் கட்டியால் மரத்தின் மேலேயே குறித்துக்கொண்டு வெட்டினால் தவறு நேராது.

மரம் நகரத் தொடங்கியதும் ஒதுங்கிப்போக வழி வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது. அடிமரம் எகிறிப் பின்னோக்கி வருவது உண்டு. பின்பக்கமாகச் சாய்ந்த இரு திசைகளில், பதினைந்து இருபது அடி தூரத்துக்குப் புதர், கல், கயிறு எதுவும் இல்லாதபடி முன்கூட்டியே வழி செய்து வைக்க வேண்டும்.

வளைந்து கொடுப்பவை, முறிபவை, பிளப்பவை

மேலே சொன்ன அளவுகள் பொதுவானவை. மரத்தின் நாருக்கு ஏற்ப இவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

புளி, கருவேல், பூவரசு போன்றவை நார்ப்பிடிப்பு மிகுந்தவை. இவற்றின் பிடிப்பு எளிதில் அறாது. மரம் தரையைத் தொடும் வரை கூடவே வளைந்து கொடுக்கும். எனவே பொதுவான அளவு இவற்றுக்குப் போதும்.

மா, முருங்கை, இலவு போன்றவை முறியும் இனம். "முருங்கை பருத்தால் தூணாகுமா" என்ற பழமொழி இதைத்தான் சொல்கிறது. இவற்றின் பிடிப்பு மரம் பாதி சாயுமுன்பே படக்கென்று முறிந்துவிடும். ஆகவே பிடிப்பைச் சற்றுக் கனமாக விட வேண்டும். மரத்தின் இயற்கையான சாய்வை எதிர்த்து இவற்றை வேறு திசைக்குத் திருப்ப முயலக் கூடாது. திருப்பியே ஆக வேண்டுமானால் வடம் கட்டாமல் தொடங்கக் கூடாது. மாமரத்தில் தண்டு துளைப்பான் தாக்கிய கிளைகள் வெளியே பசுமையாக இருந்தாலும் உள்ளே கூடாகிவிட்டிருக்கும். அவற்றின் மேல் ஆள் ஏறுவது ஆபத்து. பட்டுப்போன மரம் எந்த இனமாக இருந்தாலும் முறியும் இனம் என்றே கருத வேண்டும். கோடரியின் அதிர்ச்சியில் மேலே உள்ள காய்ந்த கிளைகள் தலையில் விழும். ஆகவே முதலில் அவற்றை இழுத்து வீழ்த்திவிட்டுத்தான் அடியில் நிற்க வேண்டும்.

தைலமரம், சவுக்கு ஆகியவை பிளக்கும் இனம். தைலமரத்தில் வெளிப்பக்க மரம் நாண் போல இழுபட்டும், உட்பக்கம் அமுங்கியும் வளர்கிறது. வெட்டியதும் இந்த இறுக்கம் விடுபடுவதால் கட்டையின் முனை நட்சத்திரம் போல வெடிக்கிறது. முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த தைலமரத்தில் பின்வெட்டை மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தால், பாதி வெட்டிலேயே மரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி ஆள் உயரத்துக்கு மேல் எகிறி வெட்டுகிறவரைத் தாக்கும். முன்சாய்வுள்ள எந்த மரத்திலும் இது நேரலாம். இதைத் தவிர்க்க, வெட்டுக்கு மேலே அடிமரத்தைச் சங்கிலியாலோ கனத்த வடத்தாலோ இறுகச் சுற்றிக் கட்ட வேண்டும். பிடிப்பின் இரு ஓரங்களிலும் சிறிதளவு அறுத்துவிட்டு, பின்வெட்டை நிறுத்தாமல் விரைவாக முடிக்க வேண்டும்.

தென்னையும் பனையும்

தென்னையும் பனையும் புல்லின் உறவு. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். இவற்றில் வெளிச்சுற்று கடினமாகவும், நடுப்பகுதி மென்மையாகவும் இருக்கும். நடுவில் ஆப்பு அடித்தால் அது மரத்தைத் தூக்காமல் பஞ்சுக்குள் போவதுபோல உள்ளே புதைந்துவிடும். ஆப்பை ஓரத்து வைரப் பகுதியில்தான் வைக்க வேண்டும். அடிப்பகுதி நார் ரம்பத்தின் பற்களை விரைவில் மழுங்கச் செய்யும். வேலைக்கு நடுவே பல் தீட்ட அரம் கையில் இருக்க வேண்டும்.

தென்னை நேராக நிற்பதுபோலத் தோன்றினாலும் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே விழ விரும்பும். கொத்தனார் தூக்குக்குண்டைக் கையில் பிடித்து, இரண்டு திசைகளில் தள்ளி நின்று பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். இடம் இருந்தால் தூரைச் சுற்றித் தோண்டி, வேர்களை வெட்டி, வடம் கட்டி வேரோடு சாய்ப்பதே நல்லது. தூர் எடுக்கும் வேலையும் அப்போதே முடிந்துவிடும். பொக்லைன் கொண்டு தள்ளும்போது தலை முறிந்து வண்டியின் மேலேயே விழுவது உண்டு. ஆகவே தேங்காய், பாளை, மட்டைகளை முன்பே இறக்கிவிட வேண்டும். வீடுகளுக்கு நடுவே நிற்கும் மரத்தைத் தேர்ந்த மரமேறியைக் கொண்டு மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி, கயிற்றில் இறக்க வேண்டும்.

ஆனால் சிவப்புக் கூன்வண்டு தாக்கியோ, குருத்தழுகலாலோ பட்டுப்போன தென்னையில் எக்காரணம் கொண்டும் ஆள் ஏற்றக் கூடாது. அதன் தலை எப்போது கழன்று விழும் என்று சொல்ல முடியாது. அடியில் ஆப்பு அடிக்கும் அதிர்ச்சிகூட ஆபத்து. எட்ட நின்று வடத்தாலோ வண்டியாலோதான் சாய்க்க வேண்டும்.

1952-ம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சையில் பெருமளவில் கவனத்துக்கு வந்த தஞ்சாவூர் வாடல் நோய் தாக்கிய மரங்களில், அடியில் செம்பழுப்பு நிறச் சாறு வடியும். உள்ளே தூர் அழுகியிருக்கும். அழுகிய பக்கத்தை விட்டு, நல்ல மரம் உள்ள உயரத்தில்தான் வெட்ட வேண்டும். சாய்த்த பின் தூரையும் வேரையும் தோண்டி எரித்துவிட வேண்டும். மற்ற மரங்களுக்குப் பரவாமல் இருக்க, நோய் கண்ட மரத்தைச் சுற்றி ஓரடி அகலமும் இரண்டு முதல் மூன்றடி ஆழமும் உள்ள பள்ளம் எடுப்பது வழக்கம்.

வெட்டிய தென்னையைத் தோப்பிலேயே போட்டு வைக்கக் கூடாது. புதிய வெட்டு வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். மக்கிய கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். ஒரு மரத்தை வெட்டிவிட்டுப் பத்து மரத்தை இழந்த கதையாகிவிடும்.

தேக்கு, மலைவேம்பு

விலை மரங்களில் கட்டை சேதமாகாமல் விழ வைப்பதே முக்கியம். வணிகர்கள் கால் சுற்றளவு முறையில் அளக்கிறார்கள். நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறார்கள். 48 அங்குலச் சுற்றளவுள்ள கட்டையில் கால் சுற்றளவு ஓர் அடி. அதாவது ஓர் அடி நீளத்துக்கு ஒரு கன அடி. வசதிக்காக இரண்டடி உயரத்தில் வெட்டினால் இரண்டு கன அடி மரம் தூரோடு போய்விடும். விழும்போது அடியில் மூன்றடி பிளந்தால் இன்னும் மூன்று கன அடி போகும். மரத்தில் அதிகப் பருமனும் அதிக வைரமும் உள்ள பகுதி அதுதான். இன்றைய விலையில் இந்த ஐந்து கன அடிக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தேக்கைத் தரையை ஒட்டி, ரம்பத்தால் வெட்ட வேண்டும். விழும் இடத்தில் கல், வரப்பு, பள்ளம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வரப்பின் குறுக்கே விழும் மரம் நடுவில் முறிந்துவிடும். தழை, மட்டை, வைக்கோலைப் பரப்பி வைத்தால் அதிர்ச்சி குறையும். ஒட்டுப்பலகை ஆலைக்குப் போகும் மலைவேம்பு கட்டைகள் வெயிலில் கிடந்தால் முனைகள் வெடிக்கும். வண்டி வரும் நாளை உறுதி செய்துகொண்டு, அதற்கு முதல் நாளோ அன்று காலையோ வெட்டுவதே சரி.

சவுக்குத் தோப்பு

சவுக்கு மெலிந்த மரம். மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டுகிறோம். முன்வெட்டு, பிடிப்பு என்று அளவு பார்க்கத் தேவையில்லை. ஆனால் நெருக்கமாக நடுவதால், வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, தோப்பின் ஓரத்தில் தொடங்கி, வெட்டவெளிப் பக்கமாகவே சாய்த்துக்கொண்டு வரிசை வரிசையாக உள்ளே போக வேண்டும். காற்று எந்தப் பக்கமாக வீசிச் செல்கிறதோ அந்த ஓரத்தில் தொடங்கினால், காற்றே மரத்தைத் திறந்த வெளிக்குத் தள்ளிவிடும். நாட்டுச் சவுக்கு வெட்டிய தூரிலிருந்து நம்பத்தக்கபடி துளிர்ப்பதில்லை. எனவே தூரையும் தோண்டி எடுத்து விறகாக்கிவிட்டு, மறுநடவுக்கு நிலத்தைத் தயார் செய்யலாம்.

சீமைக்கருவேல்

சீமைக்கருவேலைத் தரைக்கு மேலே எத்தனை முறை வெட்டினாலும் ஒன்றுக்கு நான்காகக் கிளைக்கும். துளிர்க்கும் கண்கள் தூரின் தலைப்பகுதியில், மண்ணை ஒட்டி இருப்பதே காரணம். விறகுக்கும் கரிக்கும் மீண்டும் வேண்டும் என்றால் தரையை ஒட்டி வெட்டலாம். நிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், தூரைச் சுற்றித் தோண்டி, மண்ணுக்குள் முக்கால் முதல் ஓர் அடி ஆழத்தில் வெட்டி, தூர்த்தலையை அகற்ற வேண்டும். பல தண்டுகள் வில் போல வளைந்து ஒன்றோடொன்று பின்னியிருக்கும். வளைந்த தண்டை வெட்டும்போது அது நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். வளைவின் வெளிப்பக்கம் நின்று வெட்டக் கூடாது. வெளியே உள்ள கிளைகளை முதலில் கழித்து, முள்ளை இழுத்துப் போட்ட பிறகு தண்டுக்குப் போக வேண்டும். கனத்த செருப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

படர்ந்த மரங்கள்

புளி, வேம்பு, வாகை, தூங்குமூஞ்சி போன்ற படர்ந்த மரங்களில் தலைப்பாரம் ஒரு பக்கம் மிகுந்திருக்கும். முதலில் பெருங்கிளைகளைக் கழித்துப் பாரத்தைச் சமன் செய்ய வேண்டும். கிளையை மேலிருந்து மட்டும் வெட்டினால், முறிந்து தொங்கும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, அதிலிருந்து ஓரிரு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் சுத்தமாக விழும். ஏறியவரின் இடுப்புக் கயிறு அடிமரத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டும் கிளையில் அல்ல.

வயதான புளியில் பொந்து விழுந்திருப்பது சகஜம். கோடரியின் பின்புறத்தால் தூரைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடத்தில் "டங்" என்றும், பொந்தான இடத்தில் முரசு போலவும் ஒலிக்கும். பொந்து மரத்தில் பிடிப்பாக நிற்பது சுற்றுச் சுவர் மட்டுமே. முன்வெட்டை ஆழமாகப் போட்டால் மரம் அப்படியே அமர்ந்து, எந்தப் பக்கமும் சாயலாம். பொந்துக்கு மேலே கெட்டியான உயரத்தில் வெட்டுவது, ஆழத்தைக் குறைப்பது, வடம் கட்டாமல் தொடங்காதது ஆகிய மூன்றும் அவசியம். பாதிக்கு மேல் கூடான மரத்தை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

சாய்வுக்கு ஏற்ற மாற்றம்

மரம் பின்பக்கம் சாய்ந்திருந்தால், பின்வெட்டு கொஞ்சம் உள்ளே போனதுமே ஆப்பைச் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் கவ்விக்கொள்ளும். மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வடம் கட்டி இழுக்க வேண்டும். தாழக் கட்டினால் இழுப்பு ஏறாது. நேர் எதிரே நின்று இழுப்பதானால் வடம் மரத்தைப் போல இரு மடங்கு நீளம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளம் இல்லை என்றால், எதிரே உள்ள வேறொரு மரத்தின் அடியில் கப்பி கட்டி, வடத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் நின்று இழுக்கலாம். வடத்தை இடுப்பிலோ கையிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது.

பக்கவாட்டில் சாய்ந்த மரத்தில் பிடிப்பை ஒரே கனமாக விடக் கூடாது. இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலப்பக்கப் பிடிப்பு கனமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் இடப்பக்கம் கனம். சாய்வுக்கு எதிர்ப்பக்க நார்கள்தான் மரத்தை இழுத்துப் பிடித்துத் திசையைக் காக்கின்றன.

காற்று, ஈரம், மேடு பள்ளம்

ஆடிக்காற்றில் மரம் வெட்டக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள கோவை, பொள்ளாச்சிப் பகுதிகளிலும், கம்பம் பள்ளத்தாக்கிலும், ஆரல்வாய்மொழிப் பக்கமும் தென்மேற்குப் பருவக்காற்று சரியான முன்வெட்டையும் பொய்யாக்கிவிடும். கடலோரத்தில் பிற்பகலில் கடற்காற்று எழும். எங்கும் காலை நேரமே ஏற்றது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பின் டெல்டாவில் மண் குழைந்து வேர்ப்பிடிப்பு தளர்ந்திருக்கும். சாய்ந்த மரத்தின் பின்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தால், வெட்டி முடிக்குமுன்பே வேரோடு விழலாம். காலும் வழுக்கும். மண் காயும்வரை பொறுத்திருப்பதே மேல்.

சரிவான நிலத்தில் வெட்டுகிறவர் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும். பள்ளத்தை நோக்கிச் சாய்த்தால் மரம் அதிக தூரம் விழுந்து நொறுங்கும். சரிவுக்குக் குறுக்கே சாய்ப்பது நல்லது. கட்டை உருளும் என்பதால் கீழே யாரும் இருக்கக் கூடாது.

கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள மரத்தை வேரோடு பறிக்கக் கூடாது. அந்த வேர்களே கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. தரையை ஒட்டி வெட்டிவிட்டு, தூரை அப்படியே விட்டுவிட வேண்டும். நடு வயலில் தூர் எடுப்பது இலாபம். கிணற்றோரத்தில் தூர் எடுப்பது நஷ்டம்.

மின்கம்பிக்கு எட்டும் தூரத்தில் உள்ள மரத்தை மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொட வேண்டும். கம்பியில் சாய்ந்துவிட்ட மரத்தை ஈரக் கயிற்றாலோ கம்பாலோ தள்ளிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

புயலில் விழுந்த மரங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் பல லட்சம் தென்னைகளைச் சாய்த்தது. நிற்கும் மரத்தைவிட இப்படி விழுந்து கிடக்கும் மரம் பல வகையில் ஆபத்தானது.

வேரோடு சாய்ந்த மரத்தில் அடிமரத்தைத் துண்டித்ததும், பாரம் நீங்கிய வேர்த்தட்டு மண்ணோடு பழையபடி நிமிர்ந்துகொள்ளும். வேர்க்குழிக்குள் சிறுவர்கள் நின்றால் அப்படியே மூடிவிடும். குழிக்குள்ளும் வேர்த்தட்டின் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே அறுக்க வேண்டும்.

இரு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையில் மேல்பக்கம் அமுங்கியும், கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இதற்கு நேர்மாறு. எப்போதும் அமுங்கிய பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, இழுபட்ட பக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ரம்பம் கவ்வும், அல்லது கட்டை பிளந்து எகிறும்.

வேறு மரத்தில் சாய்ந்து தொங்கும் மரத்தின் அடியில் நிற்பதோ, அதன் மேல் ஏறுவதோ, தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவதோ கூடாது. அடிமுனையில் வடம் கட்டி, மாடு அல்லது டிராக்டர் கொண்டு எட்ட நின்று பின்னுக்கு இழுக்க வேண்டும்.

எந்திர ரம்பம்

பவர் சா எனப்படும் எந்திர ரம்பம் இப்போது கிராமங்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. அதன் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். தோளுக்கு மேலே தூக்கியும், ஏணியில் நின்றும் அதை இயக்கக் கூடாது. இடம் மாறும்போது எந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். தலைக்கவசமும் கண் காப்பும் உள்ள ஆளையே வேலைக்கு வைக்க வேண்டும்.

தூர் துளிர்க்க வேண்டுமா?

தைலமரம், தேக்கு, வேம்பு, மலைவேம்பு, பூவரசு, சூபாபுல் ஆகியவை வெட்டிய தூரிலிருந்து மறுதாம்பாகத் துளிர்க்கும். இவற்றை நான்கு முதல் ஆறு அங்குல உயரத்தில், மழைநீர் வழிந்தோடும்படி சற்றுச் சாய்வாக, பட்டை உரியாமல் ரம்பத்தால் வெட்ட வேண்டும். கோடைக் கடைசியில், மழைக்கு முன் வெட்டினால் துளிர் வேகமாக வரும். வந்த துளிர்களில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். தென்னைக்கும் பனைக்கும் மறுதாம்பு கிடையாது. அவற்றை வெட்டுமுன் புதிய கன்றுக்கு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வணிகரிடம் பேசும்போது

மரத்தை நின்ற நிலையில் வணிகருக்கு விற்பவர்கள், விலை பேசும்போதே இன்னும் மூன்றைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டும்போது வீடு, வேலி, பயிர், பம்ப் ஷெட் சேதமானால் பொறுப்பு யாருடையது? கூலியாளுக்கு அடிபட்டால் செலவு யாருடையது? தூரை எடுப்பது யார்? இவற்றைப் பேசாமல் விட்டால், பிரச்சினை வரும்போது மரம் வாங்கியவர் ஊரில் இருக்க மாட்டார்.

வெட்டுவதற்கு முதல் நாள் மாலை மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். சாய்வு எந்தப் பக்கம், தலைப்பாரம் எந்தப் பக்கம், தூர் கெட்டியா, நார் வளையுமா, முறியுமா, பிளக்குமா, எதுவரை விழும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு மறுநாள் காலை கோடரியை எடுக்கலாம். ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும், தெரிந்தவர் ஒருவரை அழைத்து வந்து காட்டும்வரை மரம் அங்கேயே நிற்கட்டும்.